கம்பவுண்டர் அடுக்கிய டப்பா

– இந்த மேஜை மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன், டாக்டரம்மா. நான் சொல்றதுல ஒரு சொட்டுக்கூடப் பொய் கிடையாது. என் சம்சாரம் இவ கால்ல நேத்து விரலால அழுத்தினேன். விழுந்த குழி மூடவே இல்ல. அதுல கொஞ்சம் பாலை ஊத்தி வெச்சேன். பூனை வந்து நிதானமா குடிச்சுட்டு, மீசையைத் தொடச்சுக்கிட்டுப் போச்சு.

– நம்ம வீட்டுல ஏதுங்க பூனை?

– பக்கத்து வீட்டுப் பூனை. குறுக்க பேசாத.

– இருங்க, கம்பவுண்டர் சார், நான் அழுத்திப் பாக்கறேன். வலிக்குதாம்மா?

– வலி இல்லம்மா. செருப்புதான் ஏற மாட்டேங்குது.

– குழி அப்படியே நிக்குது. படுத்தா மூச்சு எப்படி?

– முட்டுது. செவுத்துல சாஞ்சு உக்காந்தபடிதான் தூங்கறேன்.

– இதயம் தளர்ந்துட்டா ரத்தம் முன்னால போகாம பின்னால தேங்கும். அழுத்தம் ஏறி, குழாய்லேர்ந்து நீர் கசிஞ்சு காலுக்கு எறங்கும். இப்ப நுரையீரலையும் எட்டிப் பாத்துருச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மூச்சே நின்னிருக்கும். நீர் பிரியற மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறாங்களா?

– என்னம்மா கேட்டுட்டீங்க? வாரா வாரம் ரெண்டு டப்பாவையும் நானே அடுக்கறேன். அவளுக்கு நீர் மாத்திரை, எனக்கு இனிப்புச் சத்து மாத்திரை. நாப்பது வருஷம் மருந்துக்கடையில நின்னவன். ஒரு பெரிய டாக்டர் தப்பா எழுதின சீட்டை, மோந்து பாத்தே திருப்பி அனுப்பியிருக்கேன். இருங்க, ஒரு நிமிஷம் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.

– வந்து கால் மணி நேரம் ஆகல. இது மூணாவது தடவை.

– வாலிபம் திரும்புதும்மா.

– சரி, போயிட்டு வாங்க. நீங்க நர்ஸோட போய் ஈசிஜி எடுத்துக்கிட்டு வாங்கம்மா.

– வந்துட்டேன். அவ எங்க?

– ஈசிஜிக்குப் போயிருக்காங்க. உக்காருங்க சார். நாக்கை நீட்டுங்க. காஞ்சு கெடக்கே. எழுந்தா தலை சுத்துதா?

– பூமியே சுத்தறப்ப தலை மட்டும் சும்மா இருக்குமா?

– இந்த அட்டையைப் படிங்க.

– நீர் மாத்திரை. நாப்பது மில்லிகிராம்.

– இது தலைவலி மாத்திரை, சார்.

– இருங்க, கண்ணாடியைத் தொடச்சுட்டுப் படிக்கறேன்.

– எத்தனை நாளா கண்ணு தெரியல?

– மழை ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லாம் புகையா இருக்கும்மா. ரெண்டு மாத்திரையும் வெள்ளை, ஒரே அளவு. தடவிப் பாத்துத்தான் போட்டேன். தெருவே என்கிட்ட சீட்டை நீட்டி, ‘நீங்க பாத்தா சரி’ன்னு சொல்லும். கடைசியில, அவளுது என் டப்பாவுக்கு வந்துருச்சு, என்னுது அவ டப்பாவுக்குப் போயிருச்சு. கட்டினவ மூச்சுக்குத் தவிச்சப்ப, நான் பக்கத்துல உக்காந்து பூனைக் கதை சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. இந்த மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?

– கண் ஆபரேஷன் பண்ணிக்குவீங்களா?

– நாளைக்கே. சத்தியமா... வேண்டாம், சத்தியம் வேண்டாம். பண்ணிக்கறேன்.

– வாங்கம்மா, வாங்க. ரெண்டு நாள் இங்கயே படுத்து ஊசி போட்டுக்கிட்டா நீர் எறங்கிடும். கம்பெனிக்காரன் அட்டையை மாத்திட்டான், அதுல மாத்திரை மாறிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல.

– கேட்டியா? என்ன அக்கிரமம் பாரு. நாளைக்கே அவனுக்கு ஒரு கடுதாசி போடறேன்.

– பாவம், அவனை ஏங்க திட்டறீங்க? என் மாத்திரை கசக்கும். மூணு வாரமா இனிச்சுது.