கண்ணாடிக்கு இரண்டு பக்கம்

துடைத்து முடித்த கண்ணாடியில் ஒரு புள்ளி தெரிந்தால், அது உள்பக்கம் இருக்கிறதா வெளிப்பக்கம் இருக்கிறதா என்று ஒற்றை ஆளால் சொல்ல முடியாது, சேர். வெளியே நின்று தேய்ப்பீர்கள், போகாது. சுற்றிக்கொண்டு உள்ளே போய்த் தேய்ப்பீர்கள், அப்போதும் போகாது. மூன்று மாடி வீட்டில் இப்படி நாலு தடவை படியேறி இறங்கினால் காலைப்பொழுது போய்விடும். இரண்டு பேர் இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. உள்ளே நிற்பவர் விரலை வைத்துக் காட்டுவார். வெளியே நிற்பவர் தேய்ப்பார்.

தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் தொடக்கம்.

என் பெயர் பாரூக். வயது ஐம்பத்திரண்டு. கட்டுகஸ்தோட்டையில் ஒரு சீமெந்துக் கடைக்கு மேலே அறை எடுத்து இருக்கிறேன். கலியாணம் ஒன்று நடந்தது, இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் புத்தளத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனாள்.

இப்திகாரும் நானும் பதினொரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அவன் கலகெதரக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன், அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவான். முதலில் இரண்டு பேரும் ஒரு துப்புரவுக் கம்பனியில் இருந்தோம். பிறகு அதை விட்டுவிட்டுச் சொந்தமாகச் செய்யத் தொடங்கினோம். வாவிக்கு மேலே இருக்கும் ஹோட்டல்கள், அனிவத்தை வீடுகள், பேராதனை வீதியில் இரண்டு மூன்று அலுவலகங்கள். கண்டியில் இந்த வேலைக்குக் குறைவில்லை. பஸ் புகை ஒரு பக்கம், மழைக்காலத்தில் கண்ணாடி ஓரமெல்லாம் பாசி மறுபக்கம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. சத்தம் கேட்காது என்பதால் வாயசைவைப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டோம். சில நேரம் அவன் கண்ணாடியில் வாயால் ஊதி, அந்த ஈரத்தில் எனக்கு நேராகத் தெரியும்படி இடம்வலமாகத் திருப்பி 'டீ' என்று எழுதுவான். அப்படியானால் இறங்கிப் போய் டீ குடிக்க வேண்டும். என் மனைவியின் முகத்தையோ, உம்மாவின் முகத்தையோ நான் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவனுக்கு இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அவன் மனைவி மஸாஹிராவுக்கே அது அவன் கலியாணத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

உயரமான கட்டடங்களில் அவன் கயிற்றில் இறங்குவான். நான் மேலே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்வேன். அவன் உயிர் என் கையில் இருந்தது என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். கயிறு தூணில் கட்டியிருந்தது. என் வேலை பார்த்துக்கொண்டிருப்பது. எங்கே கால் வைக்கலாம், எங்கே கம்பி போகிறது, எந்த யன்னல் திறந்திருக்கிறது என்று அவன் கேட்பான், நான் சொல்வேன். பதினொரு வருடமும் சொன்னேன்.

போன வருடம் அவனுக்கு டெங்கு வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், அதன்பிறகு வீட்டில் ஒரு மாதம். செவ்விளநீர் வாங்கிக்கொண்டு தினமும் போய்ப் பார்த்தேன். வேலையை விட முடியாது, தனியாகச் செய்தேன். முதல் நாள் மாலை அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது யோசித்துப் பார்த்தேன். காலையில் பஸ் கொண்டக்டரிடம் இறங்குமிடத்தைச் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவே இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் கிழமை ஒரு ஹோட்டலில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த வெள்ளைக்காரப் பெண் திடீரென்று எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடினாள். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. நான் அவள் முகத்தைப் பார்த்து வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் குணமாகித் திரும்பி வந்த நாள் எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் மேல் எனக்குக் கோபம் ஏதும் இருந்ததா என்று நேற்றுக் கேட்டீர்கள். இருந்ததில்லை.

இந்த வருடம் ஜனவரியில் அவன் ஒரு தடி வாங்கினான். டுபாயில் இருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்தது. அலுமினியம். ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும், இழுத்தால் மூன்று மாடி உயரத்துக்கு நீளும். நுனியில் பிரஷ். பக்கத்தில் குழாய் ஒன்று ஓடும். பேராதனையில் ஒரு வீட்டு முற்றத்தில் எனக்கு அதை விரித்துக் காட்டினான்.

“நானா, பாருங்க. தண்ணி தானா மேல போகுது. கயிறும் வாண்டாம், ஏணியும் வாண்டாம். நெலத்துல நின்டே கழுவலாம்.”

“உள்பக்கம்?” என்று கேட்டேன்.

“அத வீட்டுக்காரங்க தொடச்சிக்குவாங்க. இப்ப எல்லாரும் அப்படித்தான் செய்ற. ஒரு ஆள் போதும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். நல்ல பிள்ளை அவன். உடனே குரலைத் தணித்துக்கொண்டான்.

“ஒங்களுக்கும் வயசு போகுது நானா. மாடி ஏறி எறங்குற வேல இனி என்னத்துக்கு? டவுன்ல கடக் கண்ணாடி எவ்வளவு ஈக்கிது. அதுகள நீங்க ஆறுதலாச் செய்ங்க.”

கடைக் கண்ணாடியை எட்டு மணிக்கு முன் துடைத்துவிட வேண்டும். அந்த நேரம் கடைக்குள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் சரி என்றேன்.

அந்தக் கிழமையே மஸாஹிரா எனக்குப் போன் எடுத்தாள். அவள் சும்மா எடுப்பவள் அல்ல.

“நானா, இவர் அந்தக் கம்ப எடுத்துக்கொண்டு தனியாப் போற. விழுந்து கிடந்தாலும் பார்க்க ஆளில்ல. எனக்கிப் பயமா ஈக்கிது. நான் செல்லிக் கேக்குறாரில்ல. நீங்க செல்லுங்க நானா, தனியாப் போக உடாதீங்க.”

“உடமாட்டேன்” என்று சொன்னேன்.

அவனிடம் சொன்னபோது சிரித்தான். அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்றான். ஆனாலும் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். காலையில் எங்கே வேலை என்று போனில் கேட்பேன், கடைகளை முடித்துக்கொண்டு அங்கே போவேன். அவன் தடியை உயர்த்தி மேலேயே பார்த்தபடி நிற்பான். எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது. குழாயைச் சுற்றி வைப்பேன். பெப்ரவரி முடியும்போது குழாயையும் அவனே சுற்றத் தொடங்கினான். “நீங்க இரிங்க நானா” என்பான். இரண்டு மாதத்தில் அவன் என் முகத்தை நேராகப் பார்த்தது எத்தனை தடவை என்று என்னால் சொல்ல முடியும். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அனிவத்தையில் ஒரு விருந்தினர் விடுதி. இரவு பெய்த மழையில் புல்லெல்லாம் ஈரம். அவன் ரப்பர் செருப்பு போட்டிருந்தான், அதுவும் நனைந்திருந்தது. நான் போகும்போது பத்து மணி இருக்கும். முன்பக்கத்தை முடித்துவிட்டுப் பக்கச்சுவருக்கு வந்திருந்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு பலாமரம் நிற்கிறது. அதன் கிளைகளுக்குள்ளால் கம்பி போகிறது. கீழே நின்று பார்த்தால் இலைகளுக்கு நடுவில் ஒரு துண்டுதான் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் அதே இடத்தில் ஏணி வைத்தபோது விடுதிக்காரர் வெளியே வந்து, அது கரண்ட், உறை இல்லாத கம்பி, கவனம் என்று என்னிடம் சொன்னார். இப்திகார் அன்று உள்பக்கம் நின்றான். அவனுக்குக் கேட்கவில்லை. நான் ஏணியை மறுபக்கம் மாற்றி வைத்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தத் தடவை தடியைப் பாதி உயர்த்தியவன் நிறுத்தினான். திரும்பி என்னைப் பார்த்தான்.

“நானா, அது கரண்டா, டெலிபோனா?”

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். புருவத்தை லேசாக உயர்த்தி, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையை நான் எவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட வேண்டும் போல இருந்தது. பதில் சொல்லிவிட்டால் அவன் மறுபடி மேலே பார்க்கத் தொடங்கிவிடுவான்.

பதில் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுத் தடியை உயர்த்தினான்.

நான் ஓடிப்போய்த் தொடவில்லை. தொடக்கூடாது என்று தெரியும். விடுதிக்காரரைக் கூப்பிட்டு, மின்சாரக் கந்தோருக்குப் போன் எடுக்கச் சொன்னேன். அம்புலன்ஸுக்கு வழி காட்டுவதற்காகச் சந்தி வரை நடந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். மரண விசாரணையில், நான் கவனிக்கவில்லை, திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது என்று சொன்னேன். விபத்து என்று எழுதினார்கள். கலகெதரப் பள்ளிவாசலில் அடக்கினோம். குளிப்பாட்டும்போது நானும் நின்றேன். வலது உள்ளங்கையைக் கழுவியது நான். மற்றவர்களுக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு மஸாஹிரா என்னை வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட வரச் சொன்னாள். அவருக்கு உங்களைவிட்டால் வேறு கூட்டாளி இல்லை நானா என்றாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து பஸ் எடுத்தால் இரண்டு மணிக்கு அவர்கள் வீட்டில் இருப்பேன். கோழிக்கறி இருக்கும், பருப்பு இருக்கும், சில நாள் வட்டிலப்பம் இருக்கும். அவர்கள் மகள் ஸஹ்ராவுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டுவாள். அவள் என்னைப் பெரியவாப்பா என்று கூப்பிட்டாள், நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே. ஏழு வெள்ளிக்கிழமை போனேன். என் வாழ்க்கையில் நாலு பேர் இருக்கும் வீட்டுச் சத்தத்தில் சாப்பிட்டது அந்த ஏழு நாள்தான். நாலு பேர் என்று வாய் தவறிச் சொல்கிறேன். மூன்று பேர்.

எட்டாவது வெள்ளி போன கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மஸாஹிரா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே இருந்த கதிரையில் இருந்தாள்.

“நானா, ஒன்று கேக்கட்டா? கடைசியா அவர் என்ன பேசின? ஏதும் சென்னாரா?”

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டுச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

“செல்லல்ல. ஒன்று கேட்டான். மரத்துக்குள்ள போற கம்பி கரண்டா டெலிபோனா என்று.”

“நீங்க என்ன சென்ன?”

“டெலிபோன் என்று சென்ன.”

அவள் மிகவும் மெதுவாக, “ஒங்களுக்குத் தெரியாதா நானா?” என்று கேட்டாள். நான் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதை நான் கண்டேன்.

“தெரியும்” என்றேன். “நீங்கதானே தனியாப் போக உட வாண்டாம் என்று சென்ன. கடைசி வரைக்கும் நான் பக்கத்துல ஈந்த.”

அவள் அழவில்லை. ஸஹ்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் தட்டை முடித்து, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் இருந்தேன். பிறகு அவளுடைய தம்பி வந்தான், அதன்பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

பயமுறுத்தத்தான் நினைத்தேன், சாவான் என்று நினைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாம் என உங்கள் சார்ஜன்ட் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் அப்படி எழுத வேண்டாம். உறை இல்லாத கம்பியில் ஈரமான அலுமினியத் தடி பட்டால் என்ன நடக்கும் என்று இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவன் ஒரு தடவை மட்டும் கேட்டான், இரண்டாவது தடவை கேட்கவில்லை. பதினொரு வருடத்தில் நான் சொன்னது ஒன்றுகூடப் பிழைத்ததில்லை என்பதால் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குள் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று நீதவான் அறிய வேண்டும்.

மஸாஹிராவுக்கு இப்போது மனம் சரியில்லை. புருஷனை இழந்த பெண், அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாளில் விளங்கிக்கொள்வாள். அவனைத் தனியாக விடப் பயந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், அவளும் நானும்.

எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், சேர். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஒரு மணித்தியாலம் ஆகிறது, சாப்பாடு இன்னும் வரவில்லை. கலகெதர பஸ் வெள்ளிக்கிழமைகளில் பிந்தித்தான் வரும். மஸாஹிரா வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று வாசலில் நிற்பவர்களிடம் சொல்லிவையுங்கள். இப்திகாரிடம் கொடுத்தனுப்பும்போதும் அவள் எப்போதும் இரண்டு பேருக்குப் போதுமாகத்தான் சோறு கட்டுவாள். நீங்களும் என்னோடு சாப்பிடலாம்.