ஆடியில் கிளம்பாத மோட்டார்

இந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, மேடம். பரவாயில்லை, எனக்கு இனிப்பு பிடிக்கும்.

கல்யாணமானதிலிருந்தே எனக்கு எல்லாம் இனிப்புதான். என் வீட்டுக்காரர் சக்கரவர்த்தி, சாத்தனூர் அணையில் மீன் குத்தகைக்காரரின் வலைகளுக்குக் காவல். கூரை போட்ட படகுதான் எங்கள் வீடு. ஒரு ஸ்டவ், ஒரு பாய், பின்பக்கம் ஒரு மோட்டார். படகு ஆடினால் அவர்மேல் சாய்வேன். ஆடாவிட்டாலும் சாய்வேன்.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். மாதம் முழுக்கப் புருஷன் முகம் பார்க்கக் கூடாது. யார் கண்டுபிடித்த வழக்கமோ, நிச்சயம் காதலித்தவர் இல்லை.

கரைக்கே போகாவிட்டால் எப்படி அழைத்துப்போவார்கள்? ஆனியிலேயே மோட்டாருக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர ஆரம்பித்தேன். நல்ல ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, செத்த ப்ளக்கை மாட்டிவைப்பேன். அவர் கயிற்றை இழுத்து இழுத்து வியர்ப்பார். திருவண்ணாமலை மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது மட்டும் நல்லதை மாட்டிவிடுவேன். அங்கே ஜம்மென்று ஓடும்.

“இன்னா கஸ்தூரி, இதுக்கு என்னைக் கண்டாலே ஆகலபோல,” என்றார் என் வீட்டுக்காரர்.

“எனக்கு ஆகுதே, போதாதா?”

பஸ்ஸில் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை சிரித்தோம்.

ஆடிக்கு முதல்நாள் அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து கரையில் நின்றார். கையில் எனக்குப் புதுப்புடவை.

“மோட்டார் மக்கர் பண்ணுதுப்பா,” என்று கத்தினேன்.

“அங்கியே இரு கண்ணு. நானே வரேன்.”

கட்டியிருந்த பரிசலை அவிழ்த்துக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டார். மணிலாக் கடலைக் கொல்லையைத் தவிர வேறெதுவும் அறியாத மனிதர். நீச்சலும் தெரியாது. ஆடிக்காற்று முன்கூட்டியே வந்துவிட்டிருந்தது. நடுவழியில் பரிசல் கவிழ்ந்தது.

காற்றுக்கெதிரே துடுப்புப் போட்டால் நேரமாகுமென்று என் வீட்டுக்காரர் கயிற்றை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். நல்ல ப்ளக் என் முந்தானை முடிச்சில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் என்னைப் பொய்க்காரி என்று நினைத்திருப்பார். கல்யாணமான புதிதில் எந்தப் பெண்தான் அதைத் தாங்குவாள்? கடைசியில் அவர் நீந்தியே போனார். நல்ல நீச்சல். அவர் போய்ச் சேர்ந்தபோது புடவை மட்டும்தான் மிதந்துகொண்டிருந்தது.

கருமாதி முடிந்ததும் திரும்பிவிட்டோம். என்னை இருத்திக்கொள்ள அம்மாவுக்குத் தெம்பில்லை. மிச்ச ஆடி முழுக்க நாங்கள் பிரியவே இல்லை, மேடம்.

நேற்று என் புடவைகளை அவரே துவைத்தார். அவ்வளவு அன்பு. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ப்ளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்று காலை படகைக் கரைக்குத் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து, இந்த போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் என்னை அழைத்துப்போக வந்துவிடுவார். நேரமானால் வேறொன்றுமில்லை, அந்த மோட்டார் மறுபடி மக்கர் பண்ணியிருக்கும். நல்ல ப்ளக்கை உங்கள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார், பாருங்கள்.