அண்டார்டிகாவுக்கு ஒரு குடை

“அண்டார்டிகாவுல மழையில நனைஞ்சி ஜுரம் வந்துடுச்சி அத்தை.”

மதகடிப்பட்டு பஸ்ஸில் என் முன்சீட்டு ஆள் பக்கத்திலிருந்த அத்தையிடம் சொன்னது இது. அங்கே பென்குயின்களை எண்ணும் வேலையாம், லீவில் வந்திருக்கிறார். அதன்பிறகு தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுக்கேட்டேன்.

“பனிதானடா கொட்டும்?” என்றார் அத்தை.

“இப்ப சூடு ஏறிப்போயி மழையும் பெய்யுது. கெளம்பசொல்ல அம்மா பையில கொடை வச்சாங்க. பனிக்கு எதுக்குமா கொடைன்னு சிரிச்சிக்கினே எடுத்து ஆணியில மாட்டிட்டுப் போனேன். அங்க என் பனிக்கோட்டு கோணி மாதிரி ஊறிப்போச்சி. இதுல டாக்டர் பட்டம் வேற!”

அத்தை சிரித்தார். “பென்குயினு தண்ணியிலயே கெடக்குறதுதான? அதுக்கு இன்னா?”

“பெருசுங்களுக்கு ஒண்ணுமில்ல. குஞ்சுங்களுக்கு ஒடம்புல பஞ்சு மாதிரி வெறும் தூவிதான். நனைஞ்சிதுங்க, அப்புறம் அடிச்ச குளுருகாத்துல வெறச்சி செத்துப்போச்சிங்க.”

அத்தை உச்சுக்கொட்டினார். பிறகு, “அந்தக் கொடை இருந்திருந்தா ஒண்ணு ரெண்டையாவது காப்பாத்தியிருப்பியேடா” என்றார்.

“எங்க அத்தை! கிட்ட போவக்கூடாது, ரூல்ஸு. கொடையை என் தலைக்குப் புடிச்சிக்கினு, செத்ததை எண்ணிக்கினு இருந்திருப்பேன்.”