நாமக்கல் லேயர்ஸ்

சென்னிமலை: தங்கச்சி தூங்கிருச்சா மாப்ள?

பூபதி: ராசிபுரம் தாண்டறதுக்குள்ளயே தூங்கிட்டாளுங்க மச்சான். வாந்தி மாத்திரை போட்டுட்டான்னா வாழப்பாடி வர்ற வரைக்கும் அவளுக்கு உலகமே கெடையாது.

சென்னிமலை: நல்லாப் பாத்துச் சொல்லுங்க. போன தாட்டி தூங்குதுன்னு நெனச்சுத்தான் அது செஞ்ச லட்டைப் பத்திப் பேசுனோம். அப்புறம் ஒரு வாரம் எங்கூட அது பேசல.

பூபதி: கண்ணாடியில பாத்துட்டுத்தான் ஓட்டறனுங்க. பின்னாடி சீட்டுல வாயத் தொறந்துட்டுக் கெடக்கறா. நீங்க போனை எடுங்க.

சென்னிமலை: எடுத்துட்டேன்... இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். ம். ராத்திரி பதினோரு மணி வரைக்குந்தான் கெடு. அதுக்கப்புறம் இந்த சீசன் முடியற மட்டும் எந்த ஆட்டக்காரனையும் விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

பூபதி: என்ன கேக்கறான்னு இன்னொருக்கா வாசிங்க.

சென்னிமலை: எதிர் டீம் ஓனரு, அந்த டெக்சாஸ்காரன் எழுதியிருக்கான். நம்ம டொமிங்கோவக் குடுத்தா அவன்ற வில்கின்சைத் தர்றானாம்.

பூபதி: வில்கின்சு... பந்தை மைதானத்துக்கு வெளியில அடிக்கறவன்.

சென்னிமலை: அவனேதான். இந்த லீக்குல அவனாட்ட அடிக்கறவன் எவனும் இல்ல. என்ன, வயசு முப்பத்தாறு.

பூபதி: டொமிங்கோவுக்கு?

சென்னிமலை: இருவதுதான். இடதுகையில எறியறான். எதிராளி மட்டையத் தூக்கறதுக்குள்ள பந்து பொறத்தால போயிருது.

பூபதி: ம்...

சென்னிமலை: சொல்லுங்க மாப்ள. குடுத்தர்லாமா?

பூபதி: நீங்க சொல்லுங்க மச்சான். உங்க கையிலதான போன் இருக்குது.

சென்னிமலை: போன் எங்கையில இருந்தா? மூளை உங்ககிட்ட இருக்குதில்ல.

பூபதி: அட, நீங்க வேற...

பிரவீனா: ஏனுங்க... யாரை, எங்க குடுக்கப் போறீங்க?

பூபதி: ஒண்ணுமில்ல பிரவீனா. ஃபார்முல... ஒரு ஆளைப் பத்திப் பேசிட்டிருந்தோம்.

பிரவீனா: நம்ம கோழிப் பண்ணையிலயா? கந்தப்பனையா?

சென்னிமலை: கந்தப்பன் இல்ல அம்மிணி. புதுசா வந்த பையன். இடதுகைக்காரன். நல்லா... எறியறான்.

பிரவீனா: முட்டையவா?

பூபதி: தீவனத்தை. தீவனத்தை எறியறான். நீ படு, டோல்கேட்டு வந்தா எழுப்பறேன்.

பிரவீனா: நல்லா வேலை செய்யறவன எதுக்கு அனுப்பறீங்க... ஏசியக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. குளுருது.

பூபதி: பண்ணிட்டேன். படு.

சென்னிமலை: ரெண்டு கிலோமீட்டர் வந்தாச்சு. தூங்கிருச்சா?

பூபதி: ம். சால்வைய இழுத்துத் தலையோட மூடிட்டா.

சென்னிமலை: எளசுக ஆடிப் பழகற டீமுக்கு அமெரிக்காக்காரன் ஃபார்முன்னு பேரு வெச்சது நமக்கு எவ்வளவு தோதாப் போச்சு பாருங்க. தங்கச்சி முன்னாலயே பேசிக்கலாம்.

பூபதி: எல்லாம் நான் அமெரிக்கா போன புண்ணியமுங்க. முட்டை தரம் பிரிக்கற மெசினு பழகப் போயி, அந்த லாட்ஜு டிவியில பேஸ்பாலத் தவிர ஒண்ணும் வரல. வந்து இந்த கேமைப் போன்ல ஏத்துனேன். நானே ஓனர், நானே மேனேஜர். டீமுக்குப் பேரு வைன்னு கேட்டுச்சு. முட்டையிடற கோழியத் தவிர நமக்கு வேற என்ன தெரியும், ‘நாமக்கல் லேயர்ஸ்’னு போட்டேன்.

சென்னிமலை: டெக்சாஸ்காரன் அதையப் பெரிய பேருன்னு நெனச்சுட்டிருக்கான்.

பூபதி: நெனச்சுக்கட்டும்.

சென்னிமலை: என்னையும் உள்ள இழுத்து உட்டீங்க. மொதோ சீசன் ஞாபகமிருக்குதா? இருவத்துநாலு டீமுல இருவத்துநாலாவது.

பூபதி: ரெண்டாவது சீசன்லயும் அதேதானுங்க.

சென்னிமலை: பேரு கேட்ட ஆளாப் பாத்துப் பாத்து வாங்குனோம். பூராவும் கிழவனுக. ஒருத்தனுக்கு முட்டி வலி, ஒருத்தனுக்குத் தோள்பட்டை. டீமா அது, ஆஸ்பத்திரி வார்டு.

பூபதி: சிரிக்காதீங்க, அவ எந்திரிச்சுக்குவா.

சென்னிமலை: அப்பத்தான் நீங்க ஒரு காரியம் பண்ணுனீங்க. மூணாவது சீசன் ஆரம்பத்துல. ஒரே நாள்ல அஞ்சு கிழவனுகளையும் வித்துப்போட்டு, பேரே தெரியாத பொடிப் பசங்களா எடுத்து ஃபார்முல போட்டீங்க பாருங்க... அன்னைக்கே எங்க ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன், மாப்ள சாதாரண ஆளு இல்லைன்னு.

பூபதி: ம்... அது... சும்மா தோணுச்சுங்க.

சென்னிமலை: சும்மாவா. எனக்கெல்லாம் தோணாது.

பூபதி: நீங்க மட்டும் என்னங்க? பந்து புடிக்கற அந்த ஒல்லி கேட்சரை எடுத்தது யாரு? மட்டையத் தொடக்கூடத் தெரியாதவன எதுக்கு எடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். அவன் வந்தப்புறந்தான் பந்து எறியற நம்ம பிட்சருக அத்தனை பேரும் உருப்பட்டானுக.

சென்னிமலை: ஆமா... அந்தக் கேட்சரு. அது ஒரு கணக்கு.

பூபதி: என்ன கணக்குங்க?

சென்னிமலை: இருக்குது ஒரு கணக்கு. இப்ப எதுக்கு அது.

பூபதி: இருவதாவது எடம் வந்தோம். அப்புறம் பதினாலு. அப்புறம் ஒம்போது. மச்சான், உங்களுக்குத் தெரியுமில்ல, நடுவால ஒரு வருசம் கோழிகளுக்கு நோவு வந்து ரெண்டு ஷெட்டும் காலியாக் கெடந்துச்சு. கோழிச் சத்தமே இல்லாம வெடியும். எந்திரிச்சு என்ன பண்றதுன்னு தெரியாது. இந்தப் போனைத்தான் எடுப்பேன். இதாச்சும் ஒரு படி ஏறியிருக்குமான்னு பாப்பேன். ஏறியிருக்கும்.

சென்னிமலை: ...எங்கிட்ட நீங்க அதையெல்லாம் சொல்லவே இல்லியே.

பூபதி: சொல்லி என்ன பண்றதுங்க. நீங்கதான் ஏத்தி உடறீங்கன்னு நெனச்சு மனசுக்குள்ளயே கும்பிட்டுக்குவேன்.

சென்னிமலை: நானா?

பூபதி: பின்ன?

சென்னிமலை: இப்ப மொதோ எடத்துல நிக்கறோம் மாப்ள. கோப்பைக்கு ஆடற எடம். இதுல தப்பா அமுத்துனா அத்தனையும் போச்சு. அதனாலதான் சொல்றேன், அந்த அஞ்சு பேர வித்தீங்கல்ல, அதே மூளைய வெச்சு இதையும் நீங்களே சொல்லிருங்க.

பூபதி: மச்சான்... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

சென்னிமலை: சொல்லுங்க.

பூபதி: அந்த அஞ்சு பேர நான் விக்கலீங்க.

சென்னிமலை: என்னது?

பூபதி: நான் அன்னைக்குக் கேமைத் தொறக்கவே இல்ல. அடுத்த நாள் பாத்தா ஆளுக இல்ல. நீங்க வித்துட்டீங்கன்னு நெனச்சேன்.

சென்னிமலை: நானா? எனக்கு விக்கற பட்டன் எங்க இருக்குதுன்னே தெரியாது. நான் ஆட்டம் பாக்கறதோட சரி.

பூபதி: அப்ப இத்தனை நாளாச் சொல்ல வேண்டியதுதான?

சென்னிமலை: நீங்க ஏன் சொல்லல? இப்பக்கூட ‘சும்மா தோணுச்சு’ன்னீங்க.

பூபதி: நீங்க பாராட்டுனீங்க. நம்மள யாருங்க பாராட்டறா... வாங்கி வெச்சுக்கிட்டேன். உங்க கேட்சரு கணக்கு என்னங்க ஆச்சு?

சென்னிமலை: கேட்சருன்னா எந்தப் பக்கம் நிப்பான்னே எனக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

பூபதி: அப்ப... டொமிங்கோவ எடுத்தது?

சென்னிமலை: நான் இல்ல.

பூபதி: நானும் இல்லீங்க.

சென்னிமலை: மாப்ள. லாரிய ஒட்டிப் போகாதீங்க.

பூபதி: ஒதுங்கிட்டனுங்க.

சென்னிமலை: நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்டு. நான் உள்ள போனாலும் உங்க பேருதான் காட்டும். மூணாவதா ஒருத்தன் போனாலும் அதேதான் காட்டும். எவனோ உள்ள பூந்துட்டான் மாப்ள.

பூபதி: திருடனா?

சென்னிமலை: பாருங்க, இங்க இருக்குது. ‘செவ்வாக்கிழமை, கம்ப்யூட்டர்லிருந்து’ன்னு போட்டிருக்குது. நம்ம ரெண்டு பேரும் போன்லதான பாக்கறோம்?

பூபதி: எத்தனை நாளா உள்ள இருக்கான்னு தெரியலையே. மொதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க.

சென்னிமலை: இருங்க, வருது... பழைய பாஸ்வேர்டைக் கேக்குது. என்ன போட்டு வெச்சிருந்தீங்க?

பூபதி: எங்க கல்யாண நாளுங்க.

சென்னிமலை: அப்ப புதுசு? எவனும் கண்டுபுடிக்க முடியாததா ஒண்ணு சொல்லுங்க.

பூபதி: மச்சான்... நில்லுங்க. அமுத்தாதீங்க.

சென்னிமலை: ஏன்?

பூபதி: மாத்திட்டா அவன் உள்ள வர முடியாதில்லீங்க.

சென்னிமலை: அதுக்குத்தான மாத்தறோம்?

பூபதி: அவன் வரலீன்னா டீமை யாருங்க பாக்கறது? நாம ரெண்டு பேரும் பாத்தப்ப என்ன எடம்?

சென்னிமலை: இருவத்துநாலு.

பூபதி: அதைத்தான் சொல்றேன்.

சென்னிமலை: அதுக்காவ திருடனை உள்ளயே உட்டு வெக்கறதா?

பூபதி: என்னத்த எடுத்தானுங்க? ஆளு ஆளாக் கொண்டாந்து போட்டிருக்கானே ஒழிய ஒண்ணும் எடுத்துட்டுப் போகலீங்களே. இப்பேர்ப்பட்ட திருடன் நம்ம பண்ணைக்கும் வந்தாத் தேவலை.

சென்னிமலை: அதுவுஞ்சரிதான்... அப்ப டெக்சாஸ்காரனுக்கு என்ன பதில் சொல்றது? இன்னும் பத்து நிமிசந்தான் இருக்குது.

பூபதி: நாம அமுத்த வேண்டாம். அவனே பாத்துக்குவான்.

சென்னிமலை: பாக்கலீன்னா?

பூபதி: இத்தனை நாளாப் பாத்தவன் இன்னைக்குப் பாக்காமயா போயிருவான்?

சென்னிமலை: எனக்கென்னமோ வில்கின்சை உடறதுக்கு மனசே வரல. ஒரு அடி அடிச்சான்னா பந்து...

பூபதி: எனக்குந்தான் ஆசை. அதுக்கு என்ன பண்றது.

சென்னிமலை: மாப்ள.

பூபதி: என்னங்க?

சென்னிமலை: ‘வேண்டாம்’னு பதில் போயிருச்சு.

பூபதி: ஏனுங்க அமுத்துனீங்க?

சென்னிமலை: நான் எங்க அமுத்துனேன்? போனு மடியில கெடக்குது. தானா வந்துச்சு. இப்பத்தான்... இந்த நிமிசம்.

பூபதி: அவனா?

சென்னிமலை: டெக்சாஸ்காரனுக்கு ரெண்டு வரி வேற எழுதியிருக்கான். இங்கிலீசுல.

பூபதி: வாசிங்க.

சென்னிமலை: இருங்க... ‘இப்பத்தான் முட்டையிட ஆரம்பிச்சிருக்கற கோழியக் குடுத்துட்டு, முட்டை நின்னு போன கோழிய வாங்கறதுக்கு நாங்க என்ன கிறுக்கா? வில்கின்சை நீயே வெச்சுக்க’ன்னு எழுதியிருக்கான்.

பூபதி: கோழின்னா எழுதியிருக்கான்?

சென்னிமலை: கோழின்னுதான் இருக்குது.

பூபதி: மச்சான், இது அமெரிக்காத் திருடன் இல்லீங்க.

சென்னிமலை: நம்ம நாமக்கல்லு ஆளு. அதுலயும் கோழி வளக்கற ஆளு. உங்க பண்ணையில கம்ப்யூட்டரு எங்க இருக்குது?

பூபதி: ஆபீஸ் ரூமுல.

சென்னிமலை: அதுல யாரு உக்காருவா?

பூபதி: கந்தப்பனுக்குக் கம்ப்யூட்டரே தெரியாதுங்க. நான் அந்தப் பக்கமே போறதில்ல. அங்க உக்கார்றது...

சென்னிமலை: ஏன் நிறுத்திட்டீங்க?

பூபதி: மச்சான்... மெதுவாத் திரும்பிப் பாருங்க. அந்தச் சால்வைக்குள்ள வெளிச்சம் தெரியுதுங்களா?

சென்னிமலை: ...தெரியுது மாப்ள.

பூபதி: பிரவீனா?

பிரவீனா: ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. மாத்திரை போடறதையே நான் உட்டு ரொம்ப நாளாச்சு, நீங்க ரெண்டு பேரும் பேசறதைக் கேட்டா வாந்தியே வர்றதில்ல. அண்ணா, லட்டுக்கு இன்னும் நான் கோவமாத்தான் இருக்கறேன். தோத்துத் தோத்து இவரு சோத்துத் தட்டையே மொறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு, பாக்க முடியல, ஒரே ஒரு ஆட்டம் செயிக்க வெச்சுட்டு வந்தர்லாம்னுதான் உள்ள போனேன். அப்புறம் உட மனசு வரல. பாஸ்வேர்டை மாத்தறதுன்னா தாராளமா மாத்துங்க. நம்ம கல்யாண நாளு பதினேழாந் தேதிங்க. அதைத்தான் மொதல்ல போட்டுப் பாத்தேன், தொறக்கல. இந்த மனுசன் அதைய எப்படித் தப்பா நெனச்சு வெச்சிருப்பாருன்னு சித்த யோசிச்சு, பத்தொம்போதுன்னு போட்டேன். தொறந்துருச்சு.