ஆமாவா இல்லயானு மட்டும் சொல்லுங்க

வாணாங்க, டீ வாணாம். குடிச்சிட்டுத்தான் வந்தேன். பேனாவும் என்கிட்ட இருக்கு. உக்காரச் சொன்னீங்க, உக்காந்துட்டேன். ஆனா படிக்காம எதுலயும் கையெழுத்து போட மாட்டேன் சார். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான அவங்கள வரச் சொன்னீங்க? அவங்களுக்கு பதிலா நான் படியேறி வந்துட்டேன். அதான் உங்களுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பாப்பானு கூப்டாதீங்க. அருணாதேவினு பேர் இருக்கு. எம்.ஏ. ரெண்டாவது வருஷம். போன தடவ வந்தப்ப கூட, பாப்பா நீ சும்மா இரு, பெரியவங்க பேசறோம்னு சொன்னீங்க. அன்னிக்கு சும்மாதான் இருந்தேன். இன்னிக்கு நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

படிக்கறேன், சத்தமாவே படிக்கறேன். வெளிய உக்காந்துருக்கறவங்களும் கேக்கட்டும், அவங்களும் பாஸ்போர்ட்ட கைல வெச்சிக்கினுதான உக்காந்துருக்காங்க. அடி அண்ணாமலை கிராமத்தைச் சேர்ந்த உண்ணாமலை ஆகிய நான் எழுதிக்கொடுப்பது. என் மகன் மணிவேல் தான்சானியா நாட்டில் போர்வெல் வேலையில் இருந்தபோது, நல்ல உடல்நலத்துடன், தன் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு ஓடிவிட்டார். இது சம்பந்தமாக ஏஜென்ட் திரு. புகழேந்தி அவர்கள் மீது எனக்கோ என் குடும்பத்தாருக்கோ எந்தப் புகாரும் இல்லை. அவ்ளோதானா? கீழ பென்சில்ல ஒரு வட்டம் போட்ருக்கீங்களே, இது கைநாட்டு வெக்கவா? எங்கம்மாவுக்கு கையெழுத்து போடத் தெரியும் சார். படிக்கத்தான் தெரியாது. மூணு மாசமா வீட்டுக்கு வந்து போறீங்க, அது கூட கேட்டுக்கல.

போடறேன். போட மாட்டேன்னு சொல்லல. ஆனா நாலஞ்சு கேள்வி இருக்கு. கத எல்லாம் வாணாம், ஆமாவா இல்லயானு மட்டும் சொல்லுங்க.

மொத கேள்வி. தமிழ் வருஷப் பொறப்புக்கு அப்பறம் நீங்க எங்க அண்ணன்கூட பேசினீங்களா?

நெட்வொர்க் சரியில்லன்றது பதில் இல்ல சார். கேம்ப்பு உள்ள தள்ளி இருக்குன்றதும் பதில் இல்ல. பேசினீங்களா, இல்லயா?

சரி, விடுங்க. நானே சொல்றேன். வருஷப் பொறப்பு அன்னிக்கு அவன் எங்க கூட பேசினான். வடைக்கு ஊற வெச்சாச்சானு கேட்டான். அதோட சரி. பத்து நாள் கழிச்சி அவன் போன் சுவிட்ச் ஆஃப். உங்கள கேட்டா, வேல ஜாஸ்தி, பௌர்ணமிக்குள்ள கூப்டுவான்னீங்க. சித்ரா பௌர்ணமி வந்துச்சு. நீங்க கிரிவலம் வந்தீங்க, வெறுங்கால்ல, நெத்தி நெறைய விபூதி. எங்கம்மா ரோட்டோரம் மோர் விக்கறாங்க. அங்க நின்னு ரெண்டு டம்ளர் மோர் குடிச்சிட்டு, உம் புள்ள ராஜா மாதிரி இருக்கான் உண்ணாமலைனு சொல்லிட்டுப் போனீங்க. அன்னிக்குப் பூரா எங்கம்மா யார்கிட்டயும் மோருக்கு துட்டு வாங்கல. அடுத்து வைகாசி பௌர்ணமி, அப்பயும் அதே மோர், அதே ராஜா. ஆனி பௌர்ணமில போன்ல ஒரு போட்டோ காட்னீங்க, போர் வண்டி பக்கத்துல நின்னுக்கினு சிரிக்கறான், நேத்து எடுத்ததுன்னீங்க. அந்த போட்டோவ அவன் தை மாசமே எனக்கு அனுப்பிட்டான் சார். எட்டு லிங்கத்துக்கும் கும்புடு போட்டுட்டு வந்து பெத்தவகிட்ட பழைய போட்டோவ காட்டறதுக்கு எப்படித்தான் மனசு வருதோ.

கூட போன நம்ம ஆளுங்க ரெண்டு பேரையும் கேட்டேன். ஒருத்தர் எடுக்கவே இல்ல. இன்னொருத்தர் எடுத்து, எதா இருந்தாலும் புகழேந்தி அண்ணன கேட்டுக்க தங்கச்சினு வெச்சிட்டார். அவர் குரல் நல்லாவே இல்ல.

அப்பறம் என்னாச்சுனா, அண்ணன் அங்க போன மொத வாரம், சிம் வாங்கறதுக்கு முன்னாடி, வேற ஒரு நம்பர்லேர்ந்து கூப்ட்டிருந்தான். கேம்ப்புல சமைக்கற அம்மாவோட நம்பர். பேரு நேமா. அத நான் அழிக்காம வெச்சிருந்தேன்.

கூப்ட்டேன். எடுத்தாங்க. நான் இங்கிலீஷ்ல பேசினேன், அவங்களுக்குத் தெரியல. அவங்க ஏதோ கேட்டாங்க, எனக்குத் தெரியல. ரெண்டு பேரும் ஹலோ ஹலோனு சொல்லிக்கினே இருந்தோம். வெச்சிட்டு, அன்னிக்கே போன்ல சுவாஹிலி பாடம் ஆரம்பிச்சேன்.

ஆப்பிரிக்கா பாஷனு ஒண்ணு கெடயாது சார். பாஷ பேரு சுவாஹிலி. பதினஞ்சு வருஷமா ஆள் அனுப்பறீங்க, அவங்க என்ன பேசறாங்கன்னு கூட தெரிஞ்சிக்கல.

மொத பாடம், உன் பேர் என்ன. ஜீனா லாக்கோ நானி. ரெண்டாவது, கக்கூஸ் எங்க இருக்கு. மூணாவது, இது என்ன வில. டூர் போறவங்களுக்காக எழுதின பாடம் போல. எங்க அண்ணன் எங்கனு கேக்க நானாத்தான் ஒட்டு போட்டேன். காக்கா யாங்கு யூக்கோ வாப்பி. காக்கான்னா அங்க அண்ணன். நான் சொல்லிப் பாத்துக்கினு இருந்தத எங்கம்மா கேட்டுட்டு, காக்காவயாடி போன் போட்டுத் தேடறனு திட்டனாங்க.

ரெண்டாவது தடவ கூப்ட்டேன். எப்படி இருக்கீங்கனு கேட்டேன், நூறு தடவ சொல்லிப் பாத்தது. ந்சூரினு சொன்னாங்க. ந்சூரின்னா நல்லாருக்கு. எங்க அண்ணன் எப்படினு கேட்டேன். ந்சூரி. அதுக்கு மேல கடகடன்னு என்னென்னமோ சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா ந்சூரி புரிஞ்சிச்சில்ல? போன வெச்சிட்டு அம்மாகிட்ட ஓடினேன். நல்லாருக்கானாம்மானு கத்திக்கினே ஓடினேன். அன்னிக்கு சாயந்தரமே அவங்க கோயிலுக்குப் போயி சூடம் ஏத்திட்டு வந்தாங்க.

ஏழாவது பாடத்துலதான் சொல்றான். அந்த ஊர்ல யார் எப்படி இருக்கானு கேட்டாலும் மொத பதில் ந்சூரிதானாம். வீடு எரிஞ்சி போயிருந்தாலும் ந்சூரி. மொதல்ல அத சொல்லிட்டுத்தான், ஆனா, அப்படினு ஆரம்பிச்சி உள்ளத சொல்வாங்களாம். அதான் அவங்க மரியாத. நம்மூர்ல நல்லா இருக்கறவன கேட்டா கூட ஏதோ இருக்கேன்ம்பான். அங்க தலகீழ். எனக்கு எப்படித் தெரியும்? அந்த ‘ஆனா’வுக்கு அப்பறம் இருந்த எல்லாத்தயும் விட்டுட்டு அம்மாவ சூடம் ஏத்த அனுப்பிட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கறேன்.

சிரிக்காதீங்க. நீங்களும் எங்ககிட்ட நல்லாருக்கான், நல்லாருக்கான்னுதான் சொன்னீங்க. நேமாம்மா நல்லாருக்குனு சொல்லிட்டு அடுத்த வரிலயே உண்மய சொல்லிட்டாங்க, எனக்குத்தான் காது பத்தல. நீங்க மூணு பௌர்ணமியா அந்த அடுத்த வரிக்கே வரல.

கேள்வி கேக்கறது சுலபம் சார். பத்து நாள்ல வந்துடும். பதில் புரியறதுக்குத்தான் வருஷக்கணக்கா ஆகும். அண்ணன் எங்கனு கேட்டா அவங்க பாட்டுக்கு அர மணி நேரம் சொல்வாங்க, நான் எங்க போறது? யோசிச்சேன். எங்கனு கேக்கக் கூடாது, எப்படினும் கேக்கக் கூடாது. ஆமா, இல்ல, ரெண்டே பதில் வர்ற மாதிரி கேக்கணும். ஆமான்னா ந்தியோ, இல்லன்னா ஹபானா. ஒரு நோட்டு ஃபுல்லா அந்த மாதிரி கேள்வியா எழுதினேன். மூணாவது தடவ கூப்ட்டேன். மொத கேள்வி என்னன்னு நீங்களே சொல்லுங்க பாக்கலாம்.

அதேதான். உயிரோட இருக்கானா.

அந்தக் கேள்விய ஒரு பாடத்துலயும் சொல்லித் தரல. நானே தேடி எடுத்தேன். யூக்கோ ஹாய். கேட்டேன். ந்தியோனாங்க.

வேலைல இருக்கானா? ஹபானா. ஆஸ்பத்திரியா? ந்தியோ. அதுக்கு மேல எனக்கு ஒடம்புல எங்கனு கேக்கத் தெரியல. சின்னப் புள்ளைங்களுக்கு கண்ணு மூக்கு காது சொல்லித் தர்ற வீடியோ ஒண்ணு பாத்திருந்தேன், அந்த வரிசைல தலைலேர்ந்து ஆரம்பிச்சேன். தல? ஹபானா. கண்ணு? ஹபானா. கை? ஹபானா. ஒவ்வொரு ஹபானாவுக்கும் கடவுளேனு ஒரு மூச்சு விட்டேன். வயிறு? ஹபானா. அவங்களும் பொறுமையா சொல்லிக்கினே வந்தாங்க, ஒரு இடத்துல கூட என்ன தாண்டிப் போகல. நான் எறங்கி வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தாங்க. கால்?

மெதுவா, ந்தியோ. போலே சானானாங்க. பாவம்மா நீனு அர்த்தம்.

ஓடிப் போயிட்டானானு கேட்டேன். ஏன்னா அதுக்கு முந்தின வாரம்தான் நீங்க வீட்டுக்கு வந்து, உம் புள்ள ஓடிட்டான், என் பேரக் கெடுத்துட்டான்னு எங்கம்மாகிட்ட கத்திட்டுப் போனீங்க. ஹபானானாங்க. ஒரு தடவ இல்ல, மூணு தடவ.

யாரோ சமையக்காரி சொன்னத வெச்சா? ஆமா சார், சமையக்காரி சொன்னதத்தான். அவங்க என்ன நெறமா இருந்தா உங்களுக்கென்ன? நீங்களும் நானும் மட்டும் இன்னா வெள்ளக்காரங்களா? கேம்ப்பு ஆளுங்க யாரும் எட்டிப் பாக்காதப்ப பஸ் ஏறிப் போயி அவனுக்கு கஞ்சி குடுத்தது அவங்கதான். மணிவேல்ன்ற பேர் அவங்களுக்கு வாய்ல வரல, மணினு கூப்டறாங்க. எங்கம்மா கூப்டற மாதிரியே.

எனக்கு அவங்க பாஷ தெரியாது. அவங்களுக்கு என் பாஷ தெரியாது. இருபது நிமிஷத்துல ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டோம். உங்களுக்கும் எனக்கும் ஒரே பாஷ, ஒரே ஊரு, ஒரே மல. மூணு மாசமா ஒரு கேள்விக்கு ஆமா இல்லனு பதில் வரல.

இன்னொண்ணு. அங்க பெரியவங்கள பாத்தா ஷிக்கமோனு சொல்லித்தான் பேசவே ஆரம்பிக்கணும். உங்க கால்ல விழறேன்ற மாதிரி. அவங்களுக்கு நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். உங்களுக்கு எந்தப் பாஷயிலயும் வராது எனக்கு.

குரல் ஒசத்தாதீங்க. வெளிய ஆளு இருக்கு.

சரி, ரெண்டாவது கேள்வி. அவனுக்கு அடிபட்டது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

இப்ப தெரியும்ன்றீங்க. அப்ப நல்ல உடல்நலத்துடன்னு இதுல டைப் அடிச்சது யாரு? சின்ன அடியா. போர் போடற ராடு சரிஞ்சி லேசா பட்டுடுச்சு, கட்டு போட்ருக்கு, நடக்கறான்றீங்க. அப்படியா. நடக்கறான்னு உங்ககிட்ட சொன்னாங்க. சரி. நடக்கறவனா இருக்கறதாலதான் ஓடிட்டான்னு எழுதினீங்க போல. இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. கட்டுதான் போட்ருக்குனு நீங்க சொன்னத மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க.

நேமாம்மா அன்னிக்கு கடைசியா ஒரு வார்த்த சொன்னாங்க. ஆமாவும் இல்ல, இல்லயும் இல்ல. என் நோட்டுல இல்லாத வார்த்த. எழுத்து எழுத்தா சொல்லச் சொல்லி எழுதிக்கினேன். டிக்‌ஷனரில பாத்துட்டு நோட்ட மூடி வெச்சிட்டேன். ரெண்டு நாள் அம்மா மூஞ்சிய பாக்கல. மூணாவது நாள் திங்கக்கெழம. இதோ, உங்க ஜன்னல்லேர்ந்து பாத்தா தெரியுதே கலெக்டர் ஆபீஸு, அங்க போயி மனு குடுத்தேன். டீக்கடைல நின்னு நீங்க பாத்தீங்க. ஸ்காலர்ஷிப்புக்கானு கேட்டீங்க. ஆமான்னேன். நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான், நீங்க சொன்னது எத்தன?

மனு அங்கேர்ந்து மேல போச்சு, அங்க இருக்கற எம்பசி வரைக்கும் போச்சு. நேமாம்மா எம்பசி ஆள ஆஸ்பத்திரி கட்டில் வரைக்கும் கூட்டிக்கினு போனாங்க. அதெல்லாம் பெரிய கத, உங்களுக்கு எதுக்கு.

கையெழுத்தா? அதுக்குத்தான வந்தேன், மறக்கல. ஆனா சார், யோசிச்சிப் பாத்தா இது எங்கம்மா போட வேண்டிய கையெழுத்தே இல்ல. நானும் போடக் கூடாது. ஓடினது யாரு, எங்க அண்ணன். அவனுக்கு வயசு இருபத்தேழு. சொந்த விருப்பத்துல ஓடினேன்னு அவனே எழுதிக் குடுத்தா உங்களுக்கும் கெட்டி, எங்களுக்கும் வம்பில்ல.

எங்க போயி கண்டுபிடிக்கறதா? கண்டுபிடிக்கல்லாம் வாணாம். முந்தாநேத்து விடியக்காலைல மெட்ராஸ்ல எறங்கிட்டான். கீழ ஆட்டோல உக்காந்துருக்கான், அம்மா கூட. மோர் எடுத்துக்கினு வந்திருக்காங்க, உங்களுக்குப் புடிக்கும்னு.

எழுந்திரிங்க. பேப்பர மறக்காதீங்க. மேல கூட்டிக்கினு வந்துருப்பேன், ஆனா உங்க ஆபீஸுக்குப் பதினெட்டு படி இருக்கு சார், எண்ணிக்கினுதான் ஏறினேன். ஒத்தக் கால வெச்சிக்கினு அவனால ஏற முடியாது. நீங்கதான் எறங்கி வரணும்.