தொடர்புக்கு

— இந்தப் பொண்ணு யாரு தம்பி?

— யாரோ, அண்ணி. நெட்ல கிடைச்ச போட்டோ. நம்ம வெப்சைட்டோட முதல் பக்கத்துல சிரிச்ச முகம் ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமேன்னு போட்டேன்.

— முகம் கிடக்கட்டும், காலைப் பாரு. ரெண்டும் கடைஞ்சு வச்ச மாதிரி இருக்கு. நம்ம கடைக்கு வர்றவங்க யாருக்காவது இப்படிக் கால் இருக்கா? இவளுக்கு எதுக்கு நம்ம ஷூ?

— சரி, எடுத்துடறேன்.

— எடு முதல்ல. ஒரு கால் குட்டையா இருக்கிறவங்க, பாதம் வளைஞ்சு போனவங்க, சர்க்கரை வந்து கால் மரத்துப் போனவங்க, இவங்கதான் தேடிக்கிட்டு வர்றாங்க. பார்த்த உடனே "அப்பாடா, எனக்குன்னு ஒரு கடை இருக்கு"ன்னு தோணணும். அப்படி ஒரு வரி எழுது.

— அதைத்தான் நானும் சொல்றேன். இப்ப என்ன எழுதியிருக்கு பாருங்க. "எங்கள் இணையதளம் தங்களை அன்புடன் வரவேற்கிறது." அதுக்குக் கீழே கடை போட்டோ. அதுலயும் பாதிக்குக் கரண்ட் கம்பம்.

— அது நான் எடுத்தது.

— கம்பம் நல்லா வந்திருக்கு அண்ணி.

— கிண்டல் பண்ற நேரமா இது? பன்னெண்டு மணிக்கு நம்ம தையல் மெஷினை விலை பேசின மெஷின்காரர் வண்டியோட வந்து நிப்பார். அதுக்குள்ள ஏதாவது வழி இருக்கா இல்லையான்னு சொல்லத்தான் உன்னை லீவு போட்டு வரச் சொன்னேன்.

— ஏம்மா, அவனை ஏன் படுத்தறே? பேசி முடிச்சாச்சு. வந்தா மெஷினை ஏத்தி விடுவோம். ஆளுக்கு ஒரு வேலை தேடிக்கிட்டு நிம்மதியா இருப்போம்.

— நீங்க சும்மா இருங்க. உங்க அண்ணன் இப்படித்தான் தம்பி, எட்டு மாசமா. எதைக் கேட்டாலும் "விடு". கடை போகுதுன்னா "விடு". மெஷின் போகுதுன்னா "விடு". இருபத்திரெண்டு வருஷம் அந்த மெஷின் முன்னாடியே உட்கார்ந்திருந்த மனுஷன்.

— எட்டு மாசமா நீயும்தான் இதை நோண்டறே. கலரை மாத்தினே, எழுத்தைப் பெரிசாக்கினே. ஒருத்தர் வந்தாங்களா? விடு.

— பார்த்தியா, மறுபடியும்!

— அண்ணா, ஒரு நிமிஷம். சைட்டுல போன் நம்பரே காணோமே, ஏன்?

— இருந்துச்சு தம்பி. கண்டவனும் கூப்பிட்டு லோன் வேணுமா, கார்டு வேணுமான்னு உயிரை எடுக்கறான்னு இவர்தான் எடுக்கச் சொன்னார். "தொடர்புக்கு"ன்னு ஒரு பக்கம் இருக்குல்ல, அதுல எழுதினா போதும்னார்.

— அதுல எழுதினா எங்கே வரும்?

— எனக்கு என்ன தெரியும்? அதையெல்லாம் இவர்தான் ஆளை வச்சு ஏற்பாடு பண்ணினார். யாராவது எழுதினாத்தானே வர்றதுக்கு?

— சரி. எத்தனை பேர் வந்து பார்க்கறாங்கன்னு எண்ணிக்கை ஒண்ணு இருக்கும். அதைப் பார்த்திருக்கீங்களா?

— அது எங்கே இருக்குன்னே தெரியாது.

— இதோ. போன வாரம் மட்டும் இருநூத்திப் பத்துப் பேர் வந்திருக்காங்க.

— எங்கே வந்தாங்க?

— சைட்டுக்குத்தான்.

— இருநூறு பேரா? நம்ம கடையைப் பார்க்கவா? தம்பி, தப்பா எதையாவது படிச்சுடாதே.

— இல்ல அண்ணி. இன்னும் கேளுங்க. வந்ததுல கொஞ்சம் பேர் "தொடர்புக்கு" பக்கம் வரைக்கும் போய், பேரு, விவரம் எல்லாம் எழுதி, பட்டனையும் அமுக்கியிருக்காங்க. எட்டு மாசத்துல நூத்தி அறுபத்தி மூணு பேர்.

— நூத்தி அறுபத்தி மூணு பேர் எழுதியிருக்காங்களா?

— அதெல்லாம் ரோபோடா. சும்மா எதையாவது எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கும்னு சொல்வாங்க.

— ரோபோவுக்கு எதுக்குண்ணா ஷூ?

— எழுதினது எங்கே போச்சு தம்பி? கடைக் கம்ப்யூட்டர்ல ஒண்ணுகூட வரலையே! நான் தினமும் பார்க்கறேன். கடையைத் திறந்த உடனே விளக்கு போடறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்க்கறேன்.

— இருங்க, நானே ஒண்ணு எழுதிப் பார்க்கறேன். பேரு, கொழுந்தன். காலில் என்ன குறை? ஒண்ணுமில்ல, அண்ணிதான் குறை சொல்றாங்க. அனுப்பியாச்சு.

— வந்துச்சா?

— கம்ப்யூட்டர்ல வரலை.

— என்னங்க, உங்க சட்டைப் பையில என்ன சத்தம்?

— பேங்க் மெசேஜா இருக்கும்.

— தம்பி, இன்னொண்ணு அனுப்பு.

— அனுப்பிட்டேன்.

— இப்பவும் அதே சத்தம். போனைக் குடுங்க.

— விடும்மா.

— குடுங்கன்னு சொல்றேன்.

— சொன்னாக் கேளு. எடுக்காதே. டேய், நீயாவது சொல்லுடா.

— இந்தா தம்பி, பிடி. கண்ணாடி இல்லாம எனக்குப் படிக்க வராது. என்ன இருக்குன்னு படி.

— அண்ணி, எல்லாம் இங்கேதான் வந்திருக்கு. எல்லாத்தையும் திறந்து படிச்சிருக்கு. படிச்சது மட்டுமில்ல, ஒவ்வொண்ணுக்கும் பதிலும் போயிருக்கு.

— பதிலா? யாரு போட்டது? ஏதாவது ஒண்ணைப் படியேன்.

— "என் மகளுக்கு ஒன்பது வயது. வலது கால் நாலு சென்டிமீட்டர் குறைவு. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு ஷூ போட வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றாக இருக்கும்படி உங்களால் செய்ய முடியுமா? அவள் போன மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள்."

— ஐயோ. அதுக்கு என்ன பதில்?

— "மன்னிக்கவும். நாங்கள் இப்போது புதிய காலணிகள் செய்வதில்லை. வேறொரு கடையின் முகவரியைக் கீழே தருகிறேன்."

— செய்யறதில்லையா? எந்தப் பாவி எழுதினான்? நம்ம பேர்ல உட்கார்ந்துக்கிட்டு, நம்ம வயித்துல அடிச்சுக்கிட்டு... தம்பி, போலீஸ்ல சொல்லணும். அந்த வேற கடைக்காரன் வேலையா இருக்கும்.

— இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணி. "நாலு சென்டிமீட்டரையும் வெளியே சோலில் வைக்க விடாதீர்கள். ஒன்றை உள்ளே, குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியாது. அளவை மாலையில் கொடுங்கள். நடந்து முடித்த காலுக்குத்தான் சரியான அளவு."

— நடந்து முடிச்ச கால்.

— அண்ணி?

— நடந்து முடிச்ச காலுக்குத்தான் சரியான அளவு. இருபத்திரெண்டு வருஷமா இதை நான் கேட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி. இதை வேற ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

— அண்ணா?

— என்னைப் பார்த்துச் சொல்லுங்க. நீங்களா?

— நான்தான்.

— நூத்தி அறுபத்தி மூணு பேருக்குமா?

— ஒருத்தரையும் பதில் போடாம விடலை. நல்ல கடையாப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

— நேர்ல வந்தவங்களை? போன மாசம் ஒரு அம்மா கைத்தடி ஊணிக்கிட்டு வந்தாங்களே?

— தோல் வரலைன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— அடப்பாவி மனுஷா! நான் இங்கே உட்கார்ந்து மல்லுக் கட்டிக்கிட்டு இருந்தேன். எழுத்து சிவப்பா இருந்தா வருவாங்களோ, பச்சையா இருந்தா வருவாங்களோன்னு. நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் தச்சுக்கிட்டு, இதை எல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நம்ம பெரிய பொண்ணு படிப்பை விட்டுட்டுத் துணிக்கடையில பில் போடறா. தெரியும்ல? "பரவாயில்லம்மா, எனக்குப் படிப்பு அவ்வளவா ஏறலை"ன்னு என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போறா. அதுவும் தெரியும்ல?

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— அண்ணி, உட்காருங்க. தண்ணி குடிங்க. அண்ணா, நீ காரணம் இல்லாம இப்படிச் செய்யற ஆள் இல்ல. என்ன நடந்துச்சுன்னு சொல்லு.

— ஒண்ணும் நடக்கலை. விடு.

— இந்த ஒரு தடவை "விடு"ன்னு சொல்லாதே.

— என் கையை நம்ப முடியலைடா. அவ்வளவுதான்.

— என்ன ஆச்சு கைக்கு?

— கைக்கு ஒண்ணும் ஆகலை. கண்ணு மங்கிக்கிட்டு இருந்துச்சு, கண்ணாடி மாத்தணும், மாத்தணும்னு தள்ளிப் போட்டேன். அந்த நேரத்துல தச்ச ஜோடி ஒண்ணு. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனாரே, உயரமா, எப்பவும் மப்ளர் சுத்திக்கிட்டு வருவாரே, அவருக்கு.

— சர்க்கரைக்காரர். நல்லாத் தெரியுமே. அவருக்கு என்ன?

— அவருக்குப் பாதத்துல உணர்ச்சியே கிடையாது. கல்லு குத்தினாலும் தெரியாது, கண்ணாடி கிழிச்சாலும் தெரியாது. அப்படிப்பட்ட காலுக்குத் தைக்கும்போது உள்ளே ஒரு பிசிறு இருக்கக்கூடாது. கடைசித் தையல் போட்டா முடிச்சைத் தட்டித் தட்டையாக்கி, அதுக்கு மேல மெத்துத் தோல் ஒட்டணும். எத்தனை ஜோடிக்குச் செஞ்சிருக்கேன்!

— இதுக்குச் செய்யலையா?

— செஞ்சேனான்னு ஞாபகமே இல்ல. ஒரு மாசம் கழிச்சு மருந்துக்கடைக்காரர் சொல்றார், கண்டக்டருக்குக் காலில புண்ணு, பார்க்காமயே விட்டிருக்கார், புரையோடிப் போய் இடது பாதத்தை எடுத்துட்டாங்கன்னு. அங்கேயே ரோட்டுல நின்னுக்கிட்டு யோசிக்கிறேன், யோசிக்கிறேன்... வலது ஷூவுக்கு ஒட்டினது ஞாபகம் வருது. இடதுக்கு ஒட்டினது வரலை. விரலால முடிச்சுப் போட்டது வரைக்கும் வருது. அதுக்கு மேல வரலை.

— அவங்க வீட்டுல இருந்து யாராவது வந்து கேட்டாங்களா அண்ணா?

— வந்து சட்டையைப் பிடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வரலையே. ஒரு நாள் அவர் மகளை எதிர்ல பார்த்தேன். வணக்கம் சொல்லிட்டுப் போகுது அந்தப் பொண்ணு. அன்னைக்குத்தான் நினைச்சேன், இனிமே ஒரு காலுக்கும் நான் ஊசி பிடிக்கக்கூடாதுன்னு.

— என்கிட்ட ஏன் சொல்லலை?

— சொன்னா நீ நேரா அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பே. எல்லாம் வெளியே வந்துடும். பிள்ளைங்க காதுக்குப் போகும். அப்பா ஒருத்தரோட காலை எடுத்துட்டார்னு அதுங்க தெரிஞ்சுக்கணுமா? கடை தானா மூடிப் போச்சுன்னு நினைச்சுக்கட்டுமே.

— அண்ணா, அது ஷூவால வந்த புண்ணுதான்னு யாரு சொன்னா? வேற எத்தனையோ காரணம் இருக்கலாம்.

— வேற என்னடா காரணம்? புது ஷூ போட்டுக்கிட்டுப் போனார், அந்த மாசமே கால் போச்சு. நானும் உன்னை மாதிரி எத்தனையோ விதமாச் சொல்லிப் பார்த்தாச்சு எனக்கு நானே.

— வெளியே ஹாரன் அடிக்குது. மெஷின்காரர் வந்துட்டார் போல.

— ஏத்தச் சொல்லு.

— அண்ணி, என்ன பண்ணட்டும்? கொஞ்சம் நிக்கச் சொல்லட்டுமா? அண்ணி? ஏன் பரணையே பார்க்கறீங்க?

— எந்த ஜோடிங்க அது? பழுப்புத் தோல், மேல ரெண்டு பட்டி ஒட்டற மாதிரி வச்சதா?

— ஆமா. அதேதான். நான் தோல் வாங்கப் போயிட்டு வந்து பார்க்கறேன், மேஜையில இல்ல. கண்டக்டர் வந்தாரான்னு கேட்டேன், வந்துட்டுப் போனார்னு சொன்னே.

— வந்துட்டுப் போனார்னுதான் சொன்னேன்.

— அதைத்தானே நானும் சொல்றேன்.

— கொடுத்தேன்னு சொல்லலைங்க.

— என்னம்மா சொல்றே?

— பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி எப்பவும் போல உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். இடதுல முடிச்சு குத்துச்சு. உங்ககிட்ட சொல்லி இருக்கணும். அந்த வாரம்தான் ரெண்டு ஜோடி சரியில்லைன்னு திரும்பி வந்து, சாப்பிடாமக் கூட உட்கார்ந்திருந்தீங்க. இதையும் சொன்னா ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு பட்டி கலர் மாறிப் போச்சுன்னு அவர்கிட்ட ஒரு பொய்யைச் சொன்னேன். நீங்க தெளிஞ்ச பிறகு மெதுவாச் சொல்லிக்கலாம்னு பெட்டியைப் பரண்ல வச்சேன். அவர் திரும்பி வரவே இல்ல. கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போயிட்டார்னு நானும் விட்டுட்டேன்.

— அவர் அதைப் போடவே இல்லையா?

— ஒரு நாள்கூட போடலைங்க.

— அப்ப... அப்ப அந்தப் புண்ணு? அன்னைக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போனார்?

— பழசு அடி தேஞ்சு ஆணி எட்டிப் பார்க்குதும்மா, எப்படியாவது இன்னைக்கே கொடுத்துடுன்னு அந்த மனுஷன் கெஞ்சினாருங்க, நான்தான் ஒரு வாரம்தானே ஐயான்னு சொல்லி, குனிஞ்சு, அந்தப் பழசையே அவர் காலில மாட்டி விட்டேன்.