எழுநூற்றைம்பது என்று எழுதிய சந்து

இரவு ஒன்றே முக்கால். லாரிகூட ஓடாத புறவழிச்சாலை… அதில் ஒற்றை பைக். ஓட்டிப் போனவன் நம் தச்சருடைய சித்தி மகன். அதோ, சுவரோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குத் தம்பி. கட்டட வரைபடம் போடுகிறவன். எந்த வாசலிலும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான், அவ்வளவு அகலத் தோள். ஆபீசில் அவனுக்குப் பீரோ என்று பெயர்.

பீரோ போனது ஒரு சுவரை நகர்த்த.

கணினியில் சுவர் எழுப்புவது சுலபம். ஒரு முனையைத் தொட்டு, நீளத்தை மில்லிமீட்டரில் அடித்தால் சுவர் நிற்கும். அளவும் தானாக விழும். ஆனால் விழுந்த அளவை அழித்துவிட்டு, கையால் வேறு எண் எழுதலாம். சுவர் அசையாது. எண் மட்டும் பொய் சொல்லும்.

வீட்டுக்காரர் படுக்கையறையைப் பெரிதாக்கச் சொன்னார். குழாய்கள் இறங்கும் சந்திலிருந்து முந்நூறு மில்லிமீட்டரைத் திருடினான் பீரோ. சந்து நானூற்றைம்பது ஆனது. எழுநூற்றைம்பதுக்குக் குறைந்தால் இன்ஜினியர் கையெழுத்துப் போட மாட்டார். அதனால் எழுநூற்றைம்பது என்றே எழுதிவிட்டான்.

கட்டிய கொத்தனார் அவனுடைய அக்காள் புருஷன். அறையை அளந்து கட்டிவிட்டுப் போன் செய்தார்.

"மாப்ள, சந்து ஒன்றரை அடிதான் நிக்குது. குழாய்க்காரன் எப்படி உள்ள போவான்?"

"போறவனை இளைச்சுக்கிட்டு வரச் சொல்லுங்க அத்தான். நீங்க கட்டுங்க."

கட்டினார்.

குழாய்க்காரர் ஒரு விடுமுறை நாளில் தனியாக வந்து, மாடியிலிருந்து கயிறு கட்டி இறங்கினார். பாதியில் தோள் இறுகிக்கொண்டது. ஸ்பேனரால் குழாயைத் தட்டியிருக்கிறார். டங்… டங்… டங். ராத்திரி வரை. வாட்ச்மேன் காதில் விழுந்தது. மோட்டார் சத்தம் என்று போர்வையை இழுத்துக்கொண்டான். மறுநாள் சுவரை உடைத்துப் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள்.

விசாரணை வந்தது. சைட்டில் இருந்த தாள்களைப் பீரோ முன்பே வாங்கிக் கிழித்துவிட்டான். மிச்சம் கணினியில் இருந்த படம் ஒன்றுதான். அதில் சுவரை நிஜமாகவே எழுநூற்றைம்பதுக்கு நகர்த்திவிட்டால் படம் சரி, கட்டியவர்தான் தப்பு என்று ஆகிவிடும். அக்காள் அன்று மாலை வந்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அத்தான் உள்ளே போனால் இரண்டு வருடத்தில் வந்துவிடுவார், தன் வேலை போனால் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்த இரவுதான் பைக்கில் போய், ஆபீசில் தனியாக உட்கார்ந்தான். சுவரைத் தொட்டு எழுநூற்றைம்பது அடித்தான். நகர்ந்தது… மெல்லத் திரும்பி வந்து நின்றது. நானூற்றைம்பது.

மறுபடி அடித்தான். மறுபடி நானூற்றைம்பது.

குழாய் ஒட்டும் பசையின் நெடி. மூடிய அறைக்குள், எங்கிருந்தென்றே தெரியாமல். முதுகுக்குப் பின்னால் சுவருக்குள்… டங்.

பீரோ திரும்பவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் நாற்காலி முதுகுக்கும் சுவருக்கும் நடுவே இடம் குறைந்தது. முதலில் ஒரு ஆள் நடக்கலாம். பிறகு கை நுழையும். பிறகு இடது தோளில் ஈரச் சிமெண்ட் உரசியது… வலது தோளிலும்.

பதினேழாவது முறை சுவர் நின்றது. எழுநூற்றைம்பது. சேமித்தான். சத்தமும் நின்றது.

காலையில் நாற்காலியிலேயே விறைத்துக் கிடந்தான். காயம் இல்லை. சட்டையின் இரண்டு தோளிலும் சிமெண்ட். சுவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. படம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. கொத்தனாரைக் கூட்டிப் போனார்கள். இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

சவப்பெட்டி செய்தது நம் தச்சர். தம்பியின் அகலம் தெரியும் என்பதால் அளவெடுக்கவே இல்லை. மீதியை அவரையே கேளுங்கள்.

தச்சர் பீடியை அணைத்தார்.

"அறுநூறு வெச்சுச் செஞ்சேன். படுக்க வெச்சா ரெண்டு பக்கமும் கை போற இடம். டேப்பை எடுத்துத் தோளுக்குத் தோள் வெச்சுப் பார்த்தேன்… நானூத்தம்பது."

அணைத்த பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

"தூக்கிட்டுப் போறப்போ உள்ள ஆடுச்சு. மரப்பெட்டிதான். ஆனா வழி முழுக்க… டங், டங்னுதான் கேட்டுச்சு."